சங்கராபரணி கடலுக்குச் சுமப்பது

செஞ்சிக்குக் கடல் கிடையாது. கோட்டையின் ராஜகிரி உச்சிக்கு ஏறிக் கிழக்கே பார்த்தால் வயலும் ஏரியும் பாறைக் குன்றுகளும்தான் தெரியும். வங்கக் கடல் நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கடலோரத்தில் நச்சுக் கழிவு கொட்டுகிறார்கள், கதிரியக்கக் கழிவு கலக்கிறது என்று பேச்சு வந்தால், அது கடலூர்க்காரர்களும் கல்பாக்கத்துக்காரர்களும் கவலைப்பட வேண்டிய சங்கதி என்று இங்கே இருப்பவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் ஊரை ஒட்டி ஓர் ஆறு ஓடுகிறது. செஞ்சி வட்டார மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, வீடூர் அணையில் தேங்கி, திருவக்கரையின் கல்மரங்களைக் கடந்து, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது. அங்கே அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. செஞ்சியில் வாய்க்காலில் விழுவதற்கு அதுதான் கடல்வழி.

ஆண்டின் பல மாதங்களில் இந்த ஆற்றில் மணலும் முட்புதரும் அங்கங்கே குட்டைகளும்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சில நாட்களுக்கு இரு கரையும் தொட்டு ஓடும். கழிவைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான செய்தி. ஒன்பது, பத்து மாதமாகச் சாலையோரத்திலும் வாய்க்காலிலும் ஆற்றுப் படுகையிலும் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கு, உலோகத் தூள், பூச்சிமருந்து எச்சம், சாக்கடைச் சேறு எல்லாம் புதுவெள்ளத்தில் ஒரே தள்ளாகக் கிளம்பிவிடும். மாசி மாதத்தில் ஒரு பாட்டில் ஆற்றுநீரை எடுத்துச் சோதித்துவிட்டு ‘ஆறு நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால், ஓடாத ஆற்றைச் சோதித்ததாகத்தான் அர்த்தம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட பட்டியலில் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகள் மாசடைந்தவையாகக் குறிக்கப்பட்டன. புதுச்சேரியின் சுண்ணாம்பாறு அதில் இருந்தது. அந்தப் பட்டியல் எதை வைத்துத் தயாரிக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் உள்ள அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவுதான் அதன் அடிப்படை. சாக்கடை கலந்தால் இந்த அளவு உயரும். ஈயமோ காட்மியமோ பாதரசமோ கலந்தால் அதில் ஒன்றும் தெரியாது. சாக்கடையைப் பிடிக்கும் கண்ணியில் உலோகம் சிக்காது.

‘கடல் எவ்வளவு பெரிசு, எல்லாம் கரைஞ்சு போயிடும்’ என்ற வாதம் மிகப் பழையது. ஊர்ப் பேச்சில் மட்டுமல்ல, பெரிய நாடுகளின் அரசுக் கோப்புகளிலும் அது பல பத்தாண்டுகள் கொள்கையாகவே இருந்தது. கணக்கும் அதற்குச் சாதகம் போலத்தான் தோன்றும். உலகக் கடல்களில் ஏறத்தாழ 133 கோடி கன கிலோமீட்டர் தண்ணீர் இருக்கிறது. அவ்வளவு நீரில் செஞ்சி எதைக் கொட்டினாலும் என்ன ஆகிவிடும்? தவறு எங்கே இருக்கிறதென்றால், ஆற்றில் வரும் கழிவில் பெரும்பகுதி அந்த 133 கோடி கன கிலோமீட்டரைப் பார்ப்பதே இல்லை. முகத்துவாரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே அது படுத்துவிடுகிறது.

காரணம் உப்பு. ஆற்றுநீரில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கும். ஒரே வகை மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, கீழே இறங்காமல் மிதந்தபடியே வரும். ஆற்றுநீர் உவர்நீரைத் தொட்டதும், உப்பில் உள்ள சோடியம், மக்னீசிய அயனிகள் அந்த மின்னேற்றத்தை மட்டுப்படுத்திவிடும். பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்ததுபோலத் துகள்கள் திரிந்து, திரளாகி, அடியில் இறங்கிவிடும். ஈயம், செம்பு போன்ற உலோகங்கள் தண்ணீரில் தனியாக வருவதைவிடக் களிமண்ணிலும் இரும்புத் துருவிலும் ஒட்டிக்கொண்டு வருவதே அதிகம். ஆகவே களிமண் எங்கே இறங்குகிறதோ அங்கே உலோகமும் இறங்கும். காட்மியத்தின் குணம் வேறு. ஆற்றில் சேற்றோடு ஒட்டி வரும் காட்மியம், கடலின் குளோரைடைக் கண்டதும் சேற்றை விட்டுப் பிரிந்து கரைந்துவிடும். அந்த நீரை வடிகட்டி உண்ணும் மட்டியும் ஆளியும் அதை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். சேற்றில் தங்கினாலும் ஆபத்து, நீரில் கரைந்தாலும் ஆபத்து. இரண்டும் நடப்பது கரையை ஒட்டிய அதே ஒடுங்கிய பட்டையில்தான்.

கடலில் உயிர்ச்செறிவு மிகுந்த இடமும் அதுதான் என்பது இதில் உள்ள துயரம். இறால் குஞ்சு, நண்டு, மடவை எல்லாம் வளர்வது கழிமுகத்தில். வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்களின் வலை விழுவதும் அதையொட்டித்தான். அரிக்கமேடு இருப்பது இதே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானிய வணிகத்தோடு தொடர்பு வைத்திருந்த அந்தத் துறைமுகத்தில் மணி செய்தவர்களும் இந்த முகத்துவாரத்தை நம்பித்தான் வாழ்ந்தார்கள். பிறகும் கடல் உடனே கழிவை ஆழத்துக்கு இழுத்துச் சென்றுவிடுவதில்லை. கடலோரத்தார் ‘நீவாடு’ என்று சொல்லும் நீரோட்டம், பருவத்துக்கு ஏற்ப வடக்கேயும் தெற்கேயும் கரையோடு கரையாகவே ஓடுகிறது. ஓரிடத்தில் கலந்தது பக்கத்துக் குப்பத்துக்குப் போகுமே தவிர, நடுக்கடலுக்குப் போக அவசரப்படாது.

சேற்றில் படிந்த பாதரசத்துக்கு இன்னொரு வேதியியல் காத்திருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத கறுத்த சேற்றில், சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வருவது அவற்றால்தான். இவை சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மெத்தில் பாதரசம் உயிர்களின் திசுவுக்குள் எளிதாக நுழையும், சீக்கிரம் வெளியேறாது. நுண்ணுயிரிலிருந்து இறாலுக்கும், இறாலிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் போகப் போகச் செறிவு ஏறிக்கொண்டே போகும். பெரிய வேட்டை மீனின் சதையில், சுற்றியுள்ள நீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்கு வரைகூட இருக்கலாம். நீரைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. மீனைச் சோதித்தால்தான் தெரியும்.

ஜப்பானில் மீனைச் சோதிக்கும் முன்பே பூனைகள் காட்டிக்கொடுத்தன. மினமாட்டா ஊரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை, 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரிப்பில் உண்டான மெத்தில் பாதரசத்தைக் கழிவோடு கடலில் விட்டது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று செத்தன. மனிதர்களுக்குக் கை கால் மரத்தது, பார்வை ஒடுங்கியது, பேச்சு குழறியது. கருவில் இருந்த குழந்தைகளையும் நஞ்சு விடவில்லை. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவான நாள் 1956 மே 1. ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹாஜிமே ஹோசோகாவா 1959-இல் ஆலைக் கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. நிறுவனம் அந்த முடிவை மறைத்தது. ஆலைதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். காரணம் தெரிந்த பிறகு ஒன்பது ஆண்டுகள் கழிவு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளை எந்தப் பொறியியலாலும் திருப்பித் தர முடியவில்லை.

மினமாட்டா விரிகுடாவைச் சுத்தம் செய்த கதை இங்கே விரிவாகச் சொல்லத்தக்கது. கடலோர நச்சுக்கு ‘தீர்வு’ என்று சொல்லப்படுவது உண்மையில் என்ன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை. நஞ்சேறிய மீன் வெளியே போகாமலிருக்க 1974-இல் விரிகுடாவின் வாயில் வலை கட்டினார்கள். 1977-இல் தூர்வாரத் தொடங்கினார்கள். கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றைக் குறிவைத்தார்கள். அதைக் கிளறினாலே நஞ்சு மறுபடி நீரில் கலங்கும் என்பதால் மெதுவாக உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்த சேற்றை விரிகுடாவின் உள்மூலையிலேயே எஃகுத் தடுப்புச் சுவர் எழுப்பி, அதற்குள் கொட்டி, மேலே விரிப்பு போட்டு, நல்ல மண் நிரப்பினார்கள். 1990-இல் வேலை முடிந்தபோது, ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர் சேறு கையாளப்பட்டிருந்தது. 58 ஹெக்டேர் புது நிலம் உண்டாகியிருந்தது. செலவு 4,850 கோடி யென். மீன் பாதுகாப்பானது என்று அறிவித்து வலையை அகற்றியது 1997-இல்.

அந்த 58 ஹெக்டேர் இப்போது பூங்கா. மேலே மூங்கிலும் விளையாட்டுத் திடலும் இருக்கின்றன. அடியில் பாதரசம் அப்படியே இருக்கிறது. எஃகுச் சுவர் எத்தனை காலம் தாங்கும், பெரிய நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகள் அந்த ஊரில் ஓயவில்லை. இத்தனை பணமும் பதின்மூன்று ஆண்டு உழைப்பும் செய்தது நஞ்சை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தி மூடியதுதான். அதையும் செய்யாமல் இருந்திருக்கக் கூடாது. ஆனால் அது ‘சுத்தமாகிவிட்டது’ என்ற சொல்லுக்கு உரியதல்ல.

இனி கதிரியக்கம். செஞ்சியில் இதைப் பேசுவது பொருத்தம்தான். கோட்டை நிற்கும் அந்தப் பெரும் பாறைகளிலேயே கதிரியக்கம் இருக்கிறது. கருங்கல்லில் பொட்டாசியமும் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் இயற்கையாகவே உண்டு. பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டுகள் ஆகும். மழையும் வெயிலும் பாறையைத் தின்று மணலாக்க, ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோகும். மனித உடம்பிலேயே பொட்டாசியம்-40 நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிதைவுகளை நிகழ்த்திக்கொண்டிருக்கிறது. நொடிக்கு ஒரு சிதைவு என்பது ஒரு பெக்கெரல். ஒரு லிட்டர் கடல்நீரில் இயற்கையான பொட்டாசியம்-40 மட்டும் ஏறத்தாழ 12 பெக்கெரல் இருக்கும். 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகளில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை சேர்ந்தபோது வந்து குவிந்த சுற்றுலாப் பயணிகள், இந்த மெல்லிய கதிர்வீச்சுக்கு நடுவே படியேறி இறங்கினார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அலறத் தேவையில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தத் தனிமம், எவ்வளவு, எந்த வேதி வடிவில், யாருடைய உணவில் என்பதே கேள்வி.

கழிவைக் கடலில் கொட்டியவர்கள் இந்த இயற்கைக் கதிரியக்கத்தைத்தான் சாக்காகச் சொன்னார்கள். 1946-இல் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் தொடங்கி 1993 வரை, 80-க்கும் மேற்பட்ட இடங்களில் கதிரியக்கக் கழிவு கடலில் இறக்கப்பட்டது. சர்வதேச அணுசக்தி முகமை தொகுத்த கணக்கின்படி, கொட்டிய நேரத்தில் அதன் மொத்தச் செயல்திறன் ஏறத்தாழ 85,000 டெராபெக்கெரல். 85-க்குப் பின்னால் 15 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கையில் நொடிக்கு நொடி சிதைவு. 1972-இல் உருவான லண்டன் உடன்படிக்கை முதலில் உயர்நிலைக் கழிவை மட்டும் தடுத்தது. 1993 அக்டோபரில் ரஷ்யக் கப்பல் ஜப்பான் கடலில் திரவக் கழிவைக் கொட்டியதைக் கிரீன்பீஸ் படம் பிடித்து உலகுக்குக் காட்டியது. அடுத்த மாதமே எல்லாக் கதிரியக்கக் கழிவையும் கடலில் கொட்டுவதற்கு முழுத் தடை முடிவானது.

கொட்டியவை இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. சோவியத் காலத்தில் அணு உலைகள் பல, சில எரிபொருளோடு சேர்த்தே, ஆர்க்டிக்கின் நோவாயா செம்ல்யா தீவையொட்டி மூழ்கடிக்கப்பட்டன. கே-27 என்ற நீர்மூழ்கிக் கப்பலை 1982-இல் அங்குள்ள ஒரு விரிகுடாவில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். ஏறத்தாழ ஒரு பத்து மாடிக் கட்டிட உயரம்தான் அந்த ஆழம். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2025 கோடையில் தானியங்கி ரோபோவை வடகிழக்கு அட்லாண்டிக்கின் அடித்தளத்துக்கு அனுப்பி, அங்கே எறியப்பட்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பீப்பாய்களில் 3,000-க்கும் மேற்பட்டவற்றின் இருப்பிடத்தைக் குறித்தார்கள். கொட்டியவர்களுக்குப் பிறகு பிறந்தவர்கள் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கரையோரக் கதிரியக்கத்துக்கு உலகிலேயே மிக விரிவாக ஆராயப்பட்ட பாடம் இங்கிலாந்தின் செல்லாஃபீல்ட். அணு எரிபொருளை மறுசுழற்சி செய்யும் அந்த ஆலை, குழாய் வழியாக ஐரிஷ் கடலில் கழிவுநீரை விட்டது. 1970-களின் நடுவில் அது உச்சத்தில் இருந்தது. சீசியம் பெரும்பாலும் நீரில் கரைந்து, ஸ்காட்லாந்தைச் சுற்றி, நார்வேயைத் தாண்டி ஆர்க்டிக் வரை போனது. புளூட்டோனியம் அப்படிப் போகவில்லை. ஆலையின் பக்கத்திலேயே சேற்றில் ஒட்டிக்கொண்டது. பின்னர் ஆலை தன் வெளியேற்றத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனால் அலையும் புழுவும் பழைய சேற்றைக் கிளறக் கிளற, எழுபதுகளின் கதிரியக்கம் இன்றும் நீருக்குள் வந்துகொண்டிருக்கிறது.

அதே செல்லாஃபீல்டில் நம்பிக்கை தரும் ஒரு நிகழ்வும் உண்டு. 1994-இல் புதிதாக வந்த சுத்திகரிப்பு நிலையம் புளூட்டோனியத்தைப் பிடித்தது, ஆனால் டெக்னீசியம்-99 தப்பிப் போனது. ஐரிஷ் கடலின் சிங்கி இறால்களில் அது ஏறியது. நார்வேவரை போய்ச் சேர்ந்தது. நார்வே விடாமல் எதிர்ப்புத் தெரிவித்தது. டெக்னீசியத்தைத் திண்மமாகப் படியவைக்கும் ஒரு வேதிப்பொருளைக் கலந்தால் குழாய்க்குள் போகும் முன்பே அதைப் பிரித்துவிடலாம் என்று கண்டறிந்து, 2004 முதல் அதையே செய்தார்கள். வெளியேற்றம் சரிந்தது. கடலில் இறங்கிய பிறகு ஆயிரம் கிலோமீட்டர் துரத்தியும் பிடிக்க முடியாததை, தொட்டிக்குள் இருந்தபோது ஒரு வேதிவினை பிடித்துவிட்டது.

கதிரியக்கத்துக்கும் உலோக நஞ்சுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு ஒன்று பொதுப்பேச்சில் அடிபடுவதே இல்லை. சீசியம்-137 முப்பது ஆண்டில் பாதியாகும். டிரிட்டியம் பன்னிரண்டு ஆண்டில் பாதியாகும். புளூட்டோனியம்-239-க்கு 24,100 ஆண்டுகள் ஆகும், ஆனாலும் குறையும். ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் காட்மியத்துக்கும் அப்படி ஒரு கெடுவே கிடையாது. இன்றைக்குச் சேற்றில் போன ஈயம் பத்தாயிரம் ஆண்டு கழித்தும் ஈயம்தான். செஞ்சியிலிருந்து 90 கிலோமீட்டருக்குள் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கே கடல்நீர், மீன், மணல் ஆகியவற்றில் கதிரியக்கத்தை அளக்க ஆய்வகம் இருக்கிறது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்ற வரம்பும் இருக்கிறது. அந்த அளவுகளைத் தனி ஆய்வாளர்களும் சரிபார்க்க வழி வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம். ஆனால் அதில் நூறில் ஒரு பங்கு கவனம்கூடச் சங்கராபரணியின் ஈயத்துக்குக் கிடைக்கவில்லை.

தமிழகக் கரையில் பெரிய ஆலைக் கழிவின் கதை வேறு. 1993 வரை செஞ்சியோடு ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த கடலூரில், உப்பனாற்றின் கரையில் சிப்காட் ரசாயன ஆலைகள் நிற்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009 மதிப்பீட்டில் கடலூர் 77.45 புள்ளி பெற்றது. 70-ஐத் தாண்டினாலே மிக மோசமாக மாசடைந்த பகுதி என்று பொருள். எண்ணூரில் அனல் மின்நிலையச் சாம்பல் குழாய்களில் ஒழுகிக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. நிலக்கரியில் கரிமம் எரிந்துபோக, அதிலிருந்த ஆர்செனிக், ஈயம் போன்றவற்றோடு யுரேனியமும் தோரியமும் சாம்பலில் பல மடங்கு செறிந்து நிற்கும். சாம்பலின் கதிர்வீச்சு பெரும்பாலும் சாதாரண மண்ணின் அளவை ஒட்டியதுதான், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். இறாலையும் நண்டையும் விரட்டுவது அதன் உலோகமும், கழிமுகத்தின் ஆழத்தையே தூர்த்துவிடும் அதன் பருமனும்.

நச்சு கப்பல் வழியாகவும் வருகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 பெட்டகங்கள் இருந்தன. அவற்றில் 25 டன் நைட்ரிக் அமிலமும், ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணையும் இருந்தன. இலங்கையின் மேற்குக் கரை முழுக்கக் குருணை ஒதுங்கியது. மக்கள் மணலைச் சலித்துச் சலித்து அதைப் பொறுக்கினார்கள். இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நூறு கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால், மே 25-ஆம் தேதி, எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த 640 பெட்டகங்களில் பன்னிரண்டில் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் எரிவாயு கிளப்பும் பொருள் அது. அந்தக் கப்பலின் குருணை கன்னியாகுமரி மாவட்டக் கரைவரை வந்து சேர்ந்தது.

இத்தனை பெரிய கப்பல்களுக்கும் ஆலைகளுக்கும் முன்னால் செஞ்சி பேரூராட்சி எம்மாத்திரம் என்று தோன்றலாம். அப்படியானால் ஒரு ட்யூப் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம். குடிநீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. 5 மில்லிகிராம் பாதரசம், ஐயாயிரம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதும். எல்.இ.டி. வந்த பிறகு வீடு, கடை, பள்ளி எல்லாவற்றிலும் கழற்றிய பழைய குழாய் விளக்குகள் குப்பைத்தொட்டியில் போய் உடைகின்றன. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், 2027-க்குள் குழாய் விளக்குத் தயாரிப்பையே நிறுத்த 2023-இல் முடிவெடுத்தன. ஏற்கெனவே மாட்டியிருப்பவை எங்கே போகும் என்பதை அந்தந்த ஊர்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது பேட்டரி. கார் பேட்டரி ஒன்றில் பத்து கிலோவரை ஈயம் இருக்கும். அது விலைபோகும் என்பதால் யாரும் அதைக் கடலில் எறிவதில்லை. சிக்கல் அதற்குள் இருக்கும் அமிலத்தில். முறையாகச் செய்யாத இடங்களில் பேட்டரியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அமிலத்தை மண்ணில் கொட்டிவிட்டு, தட்டுகளை உடைத்து எடுப்பார்கள். கொட்டிய அமிலத்தோடு சாம்பல் நிறப் பசையும் வழியும். அதுதான் ஈயச் சேர்மம். அங்கே புல் கருகும், சிமெண்டுத் தரை அரித்துப் பொரியும். வெயில் காலமெல்லாம் காய்ந்து கிடக்கும் அந்தப் பசை, முதல் கனமழையில் வாய்க்காலுக்குள் இறங்கும். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள், பேட்டரி தயாரிப்பவரே பழையதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யப் பொறுப்பு என்கின்றன. விதி சென்னையில் இருக்கும் கம்பெனிவரை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வரும் கிராமத்துக்காரர் தன் பழைய பேட்டரியை எங்கே கொடுப்பது என்ற இடம்வரை அது வர வேண்டும்.

காயலான் கடைக்குக் கதிரியக்கமே வந்து சேரக்கூடும் என்பதற்கும் இந்தியாவில் சான்று உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த ஒரு காமாக் கதிர் கருவி, 2010-இல் பழைய பொருளாக ஏலம் போனது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது உள்ளே கோபால்ட்-60 இருந்தது. ஒருவர் இறந்தார், இன்னும் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். கருவியை விற்றவர்கள் படித்தவர்கள், வாங்கியவர்கள் அறியாதவர்கள். மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் போட்ட கதிரியக்கக் குறியை அடையாளம் காண, ஒவ்வொரு காயலான் கடைக்காரருக்கும் ஒரு சுவரொட்டியாவது கொடுப்பது பெரிய செலவில்லை.

செஞ்சியிலிருந்து கடலுக்குப் போவது எவ்வளவு என்று அளக்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. வீடூர் அணை 1959-இல் கட்டப்பட்டது. கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் வண்டலில் கணிசமான பங்கு அங்கே படிந்திருக்கும், ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காக. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளின் சீசியம்-137 உலகம் முழுக்கப் பொழிந்தது. 1963-இல் அது உச்சம் தொட்டு, அதே ஆண்டின் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்கியது. சீசியம் களிமண்ணில் இறுகப் பற்றிக்கொள்ளும். அதனால் உலகெங்கும் ஏரி, அணைச் சேற்றில் அந்த 1963 அடுக்கைத் தேடிக் கண்டுபிடித்து, அதை வைத்து மற்ற அடுக்குகளின் வயதைக் கணக்கிடுகிறார்கள். வெப்பமண்டலத்தில் விழுந்தது குறைவு, விழுந்ததிலும் இன்று கால்வாசிதான் மிச்சம். இருந்தாலும் நல்ல காமா அளவியால் தேடிப் பார்க்கலாம். தூர் வாராத ஓர் இடத்தில் குழாயைச் செங்குத்தாக இறக்கிச் சேற்றுத்தூணை எடுத்து, அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சீசியத்தையும் ஈயத்தையும் காட்மியத்தையும் அளந்தால், எந்தப் பத்தாண்டில் எந்த உலோகம் ஏறியது என்பது தெரிந்துவிடும்.

அதற்கு அவசரமும் இருக்கிறது. ஏரி, அணைகளில் வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு அனுமதி தருகிறது. நல்ல திட்டம்தான், வயலுக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது. ஆனால் ஊர்ச் சாக்கடையும் பேட்டரிப் பசையும் சேரும் ஏரியின் வண்டலை நெல் வயலில் கொட்டினால், கடலுக்குப் போகவேண்டிய காட்மியம் செஞ்சி நெல்லுக்குள் வந்துவிடும். நெற்பயிர் காட்மியத்தை வேர் வழியாக எளிதில் உறிஞ்சும். ஜப்பானின் ஜின்ட்ஸு ஆற்றுப் படுகையில், சுரங்கக் கழிவு கலந்த நீர் பாய்ந்த வயலின் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் ‘இத்தாய் இத்தாய்’ நோய் வந்தது இப்படித்தான். ஆகவே வண்டல் எடுக்க அனுமதிச் சீட்டு கொடுக்கும் கோடையிலேயே ஒவ்வொரு ஏரியிலிருந்தும் சில மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முடிவைக் கிராம சபையில் வாசித்துக் காட்டலாம். அதே உலோகங்களைப் புதுச்சேரி அரசு சுண்ணாம்பாற்று முகத்துவாரச் சேற்றிலும் மட்டியிலும் அளந்து, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஐப்பசியில் புதுவெள்ளம் வரும்போது செஞ்சி, வீடூர், வில்லியனூர் மூன்று பாலங்களிலும் முதல் நாள் நீரையும் அதில் மிதக்கும் வண்டலையும் மணிக்கொரு தடவை எடுத்து வைத்தால், அந்த ஆண்டுக்கு ஆறு சுமந்த கணக்கு கையில் இருக்கும்.